சாயங்காலத்துக்கு ஊர் ஊராய்ப் பெயர் கேட்டு: ஃப்ரீஸ்லாந்திலிருந்து ஐஸ்லாந்து வரை

திங்கள், லேவார்டன்

நெதர்லாந்தின் வட மூலை ஃப்ரீஸ்லாந்து மாகாணம். ஊர்ப் பலகைகளில் இரண்டு பெயர் இருக்கிறது: லேவார்டன் என்று டச்சில், ல்யாவெர்ட் என்று ஃப்ரீசியனில். ஃப்ரீசியன் பேசுகிறவர்கள் சில லட்சம் பேர்தான். ஆனால் ஸ்காட்லாந்தில் பேசும் ஸ்காட்ஸ் மொழியை விட்டுவிட்டால், ஆங்கிலத்துக்கு மிக நெருங்கிய உறவு என்று மொழியியலாளர்கள் கைகாட்டுவது இந்த மொழியைத்தான்.

பயணத்துக்கான சாக்கைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம், டச்சு, ஜெர்மன், ஸ்வீடிஷ் என்று நீளும் ஜெர்மானிய மொழிக் குடும்பத்தில் சாயங்காலத்தை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள், அந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று அந்தந்த ஊரிலேயே போய்ப் பார்ப்பது. கையில் ரயில் பாஸ், அகராதிகளிலிருந்து எடுத்த குறிப்பு நோட்டு, ஒரு மழைக்கோட்டு. ஜூன் மாதம் இங்கே ராத்திரி பத்து மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. இந்த வேலைக்கு வசதிதான்.

விடுதி வரவேற்பில் இருந்த அம்மா டச்சுக்காரர்களிடம் ‘ஆவொந்த்’ சேர்த்து வணக்கம் சொன்னார். உள்ளூர்க்காரர் ஒருவர் உள்ளே வந்ததும் அது ‘குய்யூன்’ ஆனது. ‘யூன்’ என்றால் சாயங்காலம். ஆவொந்துக்கும் யூனுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். இரண்டும் ஒரே சொல். பழைய ஃப்ரீசியனில் அது ஏறக்குறைய ‘ஏவெண்ட்’. நடுவில் இருந்த ‘வ’ தேய்ந்து, முன்னால் ஒரு ‘ய’ ஒட்டிக்கொண்டு, கடைசி எழுத்து உதிர்ந்து, மிச்சம் நின்றது யூன்.

இதைவிடத் தேய்ந்த ஒன்றும் இங்கே இருக்கிறது. சனிக்கிழமைக்கு ஃப்ரீசியனில் ‘ஸ்னேயோன்’. பழைய வடிவத்தைப் பிரித்தால் ‘சுன்னன்’ ஞாயிறு, ‘ஏவெண்ட்’ சாயங்காலம். ஞாயிற்றுக்கிழமையின் சாயங்காலம், அதுதான் சனிக்கிழமை! தலைகீழாகத் தோன்றுகிறதா? நாளைக்கு இதன் சொந்தக்காரர் ஒருவரைப் பார்க்கப் போகிறேன்.

இரவு ஏழு மணிக்குத் தெருவில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக நடந்து போனார்கள். மே, ஜூனில் நாடு முழுக்க நடக்கும் நான்கு சாயங்கால நடை. ஐந்து அல்லது பத்து கிலோமீட்டர், நான்கு நாள் தொடர்ந்து. கடைசி நாளில் வீட்டார் பூங்கொத்தோடு காத்திருப்பார்கள், மெடல் கிடைக்கும். டச்சுப் பிள்ளைகளுக்கு ஆவொந்த் என்றதும் முதலில் கால் வலிதான் ஞாபகம் வரும் போல.

செவ்வாய், டொக்கும் வழியாக ஹாம்புர்க்

லேவார்டனிலிருந்து பஸ்ஸில் டொக்கும். கி.பி. 754இல் போனிஃபேஸ் பாதிரியார் கொல்லப்பட்டது இந்த ஊர்ப் பக்கம்தான். இங்கிலாந்துக்காரர்; கண்டத்துக்கு வந்து ஜெர்மானியக் குடிகளை மதம் மாற்றுவதிலேயே வாழ்நாளைக் கழித்தவர். வயதான காலத்தில் ஃப்ரீசியர்களிடம் மறுபடியும் வந்தபோது கூட்டத்தோடு வெட்டிக் கொன்றார்கள். அவர் பெயரில் ஊற்றும் சிறு தேவாலயமும் இருக்கின்றன. யாத்திரைக்காரர்கள் தண்ணீர் பிடித்துப் போகிறார்கள்.

இவருக்கும் சனிக்கிழமைக்கும் என்ன? பழைய ஆங்கிலத்தில் சாயங்காலம் ‘ஏவென்’. ஞாயிறுக்கு முந்தைய சாயங்காலத்தை அவர்கள் ‘சுன்னன்-ஏவென்’ என்றார்கள். போனிஃபேஸ் போன்ற ஆங்கில மிஷனரிகள் கடல் தாண்டி வரும்போது இந்தச் சொல்லும் கூட வந்தது. ஜெர்மனில் அது ‘ஸொன்ஆபென்ட்’ ஆகி, சாயங்காலத்தில் தொடங்கி மெல்ல மெல்ல அந்த முழு நாளையும் விழுங்கிவிட்டது.

இரண்டு மூன்று வண்டி மாறி ஹாம்புர்க் வந்தபோது ஒரு செருப்புத் தைப்பவர் கடைக் கதவில் அதைப் பார்த்தேன். சனிக்கிழமை நேரத்துக்கு எதிரே ‘ஸொன்ஆபென்ட்’ என்று ஒட்டியிருந்தது. தெற்கே மியூனிக் பக்கம் ‘ஸாம்ஸ்டாக்’ என்பார்கள். அது சபாத் என்ற யூதச் சொல்லின் வழி வந்தது. வடக்கிலும் கிழக்கிலும்தான் ஸொன்ஆபென்ட். பழைய கிழக்கு ஜெர்மனியில் அரசாங்கச் சொல்லே இதுதான். இப்போது ஸாம்ஸ்டாக் வடக்கேயும் ஏறி வருகிறது. காரணம் சுலபம்: சாயங்காலம் என்று முடிகிற பெயரோடு ஒரு முழு நாள், ‘ஸொன்ஆபென்ட் காலை’, ‘ஸொன்ஆபென்ட் சாயங்காலம்’ என்றெல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்கோ ‘ஸொன்டாக்ஆபென்ட்’ என்று வேறு சொல். வெளியூர்க்காரன் சினிமா டிக்கெட் எடுத்தால் ஒரு நாள் தள்ளிப் போய் நிற்பான்.

ஐந்து மணிக்கு அலுவலகங்கள் விட்டன. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது ‘ஷோனன் ஃபையர்ஆபென்ட்’. ஃபையர்ஆபென்ட் என்றால் வேலை முடிந்த பிறகு நமக்கென்று கிடைக்கிற நேரம். ஜெர்மானியர்கள் இதை விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். ஃபையர்ஆபென்ட் வந்தபிறகு மேலாளர் போன் செய்தால் முகம் சுளிப்பார்கள். ஆனால் சொல்லின் பிறப்பு வேறு. ‘ஃபையர்’ திருநாள். திருநாளுக்கு முந்தைய சாயங்காலம்தான் முதல் அர்த்தம்: அன்றைக்குச் சீக்கிரமே கருவிகளைக் கீழே வைத்துவிடலாம். வருஷத்தில் சில நாள் கிடைத்த அந்த ஓய்வு, தொழிற்கூடங்கள் வழியாக எல்லா நாளுக்கும் வந்து சேர்ந்தது.

இந்த வட ஜெர்மன் கடலோரத்தில் பழைய கீழ்-ஜெர்மன் பேச்சில் அந்தி மயங்கும் நேரத்துக்கு இன்னொரு பெயர் உண்டு: ‘ஊலன்ஃப்ளுக்ட்’. ஆந்தை பறக்கும் நேரம். அழகாக இருக்கிறது, ஆனால் ஹாம்புர்க் துறைமுகத்தில் கடல்காகம் மட்டும்தான் பறந்தது.

புதன், கோபன்ஹேகன் போகும் ரயிலில்

நல்ல நீண்ட பயணம், அகராதிக் குறிப்பைப் புரட்ட நேரம் இருந்தது. ‘ஆபென்ட்’ எதிலிருந்து வந்தது? ‘ஆப்’ என்றால் ஜெர்மனில் கீழே, விலகி. சூரியன் கீழே போவதால் ஆபென்ட் என்று பாமரர் விளக்கம் ஒன்று உண்டு. சொல்லியலாளர்கள் அதை ஏற்பதில்லை. ‘பின்னால் வருவது, பிந்தியது’ என்ற பொருளுள்ள பழைய இந்தோ-ஐரோப்பிய வேர், கிரேக்கத்தில் ‘ஓப்செ’ என்று பிந்திய நேரத்தைக் குறிக்கும் சொல்லின் உறவு என்பதே பொதுவாகச் சொல்லப்படுவது. வடக்கே போனால் அது ‘அஃப்டன்’ ஆகிறது; நடுவில் ஒரு ‘ட’ எப்படி நுழைந்தது, இரண்டும் ஒரு தாய்ப் பிள்ளைகளா அல்லது ‘பின்’ என்னும் சொல்லின் சாயல் ஒட்டியதா என்பதில் இன்னும் வழக்கு இருக்கிறது.

ஆங்கில ‘ஈவினிங்’ இந்தக் குடும்பத்தின் கொஞ்சம் நீண்ட பிள்ளை. ‘ஏவென்’ என்ற பெயரிலிருந்து ‘சாயங்காலம் ஆகு’ என்று ஒரு வினை செய்து, அந்த வினையிலிருந்து திரும்பவும் ஒரு பெயர் செய்தார்கள். ‘மார்னிங்’ அப்புறம் வந்தது. 13ஆம் நூற்றாண்டில் ஈவினிங்கைப் பார்த்து அதே அச்சில் வார்த்தது. காலை சாயங்காலத்தைக் காப்பியடித்த கதை எனக்குப் பிடித்திருக்கிறது.

கோபன்ஹேகனில் ஒரு ராத்திரிதான். டேனியர்களுக்கு எல்லாமே அஃப்டன். வடக்கே சாயங்காலத்துக்கு உள்ள இன்னொரு சொல்லான ‘க்வெல்’ இங்கே பாட்டுப் புத்தகத்தில் மட்டும் கிடைக்கும். கிராமப்புறத்தில் ‘மோர்க்னிங் பிடிப்பது’ என்று ஒரு பழக்கம் இருந்தது: இருட்டத் தொடங்கியும் விளக்கேற்றாமல் எல்லோரும் சும்மா உட்கார்ந்து பேசுவது. எண்ணெய் மிச்சம், கைக்கும் ஓய்வு. ஸ்வீடன்காரர்களுக்கும் டச்சுக்காரர்களுக்கும் இதற்குத் தனித்தனிச் சொல் இருக்கிறது.

வியாழன், உப்சாலா

உண்மையில் இந்த ஊருக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். பல்கலைக்கழக நூலகம், காரொலினா ரெடிவீவா. உள்ளே மங்கலான வெளிச்சத்தில் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளிக் கோடெக்ஸ் என்ற பழைய கையெழுத்துப் புத்தகம். ஊதாச் சாயம் ஏற்றிய தோல்தாளில் வெள்ளி மையாலும் பொன் மையாலும் எழுதிய நற்செய்தி; மொழி கோத்திக், அழிந்துபோன ஒரு ஜெர்மானிய மொழி. மொழிபெயர்த்தவர் 4ஆம் நூற்றாண்டின் பிஷப் வுல்ஃபிலா. இந்தப் படி 6ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இத்தாலியில், ராவென்னாவில் எழுதியது. 336 தாள் இருந்ததாகக் கணக்கு. இங்கே இருப்பது 187. இன்னொரு தாள் 1970இல் ஜெர்மனியின் ஷ்பையர் தேவாலயத்தில் கிடைத்தது. உப்சாலாவுக்கு எப்படி வந்தது? 1648இல் ஸ்வீடன் படை பிராக் நகரைக் கொள்ளையடித்தபோது தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்புறம் கைமாறி நெதர்லாந்து போனது. ஸ்வீடன் பிரபு தெ லா கார்டி விலைக்கு வாங்கி 1669இல் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்.

ஜெர்மானிய மொழிகளில் இவ்வளவு நீளமாக, இவ்வளவு பழையதாகக் கிடைத்த எழுத்து வேறு இல்லை. அதனால் சாயங்காலத்துக்கு இதில் என்ன சொல் என்பது முக்கியம். மாற்கு முதல் அதிகாரம், 32ஆம் வசனம். சாயங்காலமாகிச் சூரியன் மறைந்தபோது நோயாளிகளைக் கொண்டுவந்தார்கள் என்ற இடம். அங்கே ஆபென்டும் இல்லை, அஃப்டனும் இல்லை. ‘அண்டநாக்தி’ என்று இருக்கிறது. ‘அண்ட’ எதிரே, ‘நாக்த்’ இரவு: இரவை எதிர்நோக்கி நிற்கும் நேரம். வேறு சில இடங்களில் ‘சீது’ என்கிறார். நேரமாகிவிட்டது என்பது அதன் பொருள். இராச் சாப்பாட்டுக்கு ‘நாக்தமத்ஸ்’, இரவு உணவு என்றே வைத்திருக்கிறார். கிடைத்திருக்கும் கோத்திக் எழுத்தில் நாம் தேடிவரும் இரண்டு பெரிய சொற்களுமே இல்லை.

எல்லாம் இரவைப் பார்த்தே இருப்பது தற்செயலாகத் தெரியவில்லை. ரோமானிய எழுத்தாளர் டாசிடஸ் கி.பி. 98இல் ஜெர்மானியக் குடிகளைப் பற்றி எழுதும்போது, இவர்கள் நம்மைப்போல நாளைக் கணக்கிடுவதில்லை, இரவைக் கணக்கிடுகிறார்கள், இரவுதான் பகலை இழுத்துவருவதாக எண்ணுகிறார்கள் என்கிறார். ஆங்கிலத்தில் இரண்டு வாரத்துக்கு ‘ஃபோர்ட்நைட்’ என்று இன்றும் புழங்குவது பதினான்கு இரவுதான்.

சரி, அப்படியானால் ‘கிறிஸ்துமஸ் ஈவ்’ கூட அந்தப் பழங்குடிக் கணக்கின் எச்சம்தானே என்று சுற்றுலா வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. யூத மரபில் நாள் சூரியன் மறையும்போது தொடங்குகிறது. திருச்சபை தன் திருநாள்களுக்கு அதை எடுத்துக்கொண்டது. பெரிய திருநாள் முந்தின மாலை வழிபாட்டிலேயே தொடங்கிவிடும். போனிஃபேஸ் கூட்டம் கொண்டுவந்தது இந்தக் கணக்கை. அதை ஏற்க ஏற்கெனவே இரவை முதலில் வைத்து எண்ணிப் பழகிய மக்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். ஃபோர்ட்நைட் டாசிடஸ் கட்சி. ஸொன்ஆபென்ட் கோவில் கட்சி.

வெள்ளி, உப்சாலா, மிட்சம்மர்அஃப்டோன்

நூலகம், கடை, எல்லாம் பூட்டு. இன்று கோடை நடுநாள் ‘அஃப்டோன்’. 1953க்கு முன் ஜூன் 23 என்று நிலையாக இருந்ததை, ஜூன் 19க்கும் 25க்கும் இடையில் வரும் வெள்ளிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், சட்டப்படி பொது விடுமுறை நாளைக்குச் சனிக்கிழமைதான். கொண்டாட்டம் மொத்தமும் இன்றைக்கு. நாளைக்கு ஊர் முழுக்கத் தலைவலியோடு தூங்கும்.

ஊருக்கு வெளியே ஒரு புல்வெளியில் இலையும் பூவும் சுற்றிய கம்பத்தை நட்டு, அதைச் சுற்றித் தவளை மாதிரித் தாவி ஆடினார்கள். தாத்தாக்களும் தாவினார்கள். ஊறவைத்த ஹெர்ரிங் மீன், புது உருளைக்கிழங்கு, ஸ்ட்ராபெர்ரி. கல்யாணமாகாத பெண்கள் ஏழு வகைப் பூவைப் பறித்துத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினால் வரப்போகும் மாப்பிள்ளை கனவில் வருவான் என்பது நம்பிக்கை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆசிரியை ஒருவரிடம் என் குழப்பத்தைச் சொன்னேன். காலை பத்து மணிக்கே ‘அஃப்டோன்’ வாழ்த்து சொல்கிறீர்களே என்று. அவர் சிரித்துவிட்டு, “சாதாரண நாளில் நாங்கள் யாரும் அஃப்டோன் என்று சொல்வதில்லை. அப்போது க்வெல்தான். அஃப்டோன் என்றால் பண்டிகைக்கு முந்தின நாள், அது காலையிலேயே தொடங்கிவிடும்” என்றார். ஸ்வீடிஷில் இரண்டு சொற்களும் வேலையைப் பிரித்துக்கொண்ட விதம் இது. ‘இன்று சாயங்காலம் வருகிறாயா’ என்பது க்வெல். கிறிஸ்துமஸுக்கு யூல்அஃப்டோன், ஈஸ்டருக்குப் போஸ்க்அஃப்டோன். ‘கூட் அஃப்டோன்’ என்று யாராவது வணக்கம் சொன்னால் நாடக மேடையிலிருந்து இறங்கி வந்தவர் போல இருக்குமாம். ‘அஃப்டோன்ப்ளாதெட்’ என்ற நாளிதழ் 1830இல் தொடங்கியது. பெயர் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த வகைப் பத்திரிகைகளை ஜனங்கள் ‘க்வெல் பத்திரிகை’ என்கிறார்கள்.

அப்போ இந்தக் க்வெல் யார்? இங்கேதான் விஷயம் இருட்டுகிறது. ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான நார்ஸில் ‘க்வெல்ட்’. பெரும்பாலான அகராதிகள் இதைச் சாவோடு சேர்க்கின்றன. பழைய ஆங்கிலத்தில் ‘க்வெலன்’ என்றால் சாவது. ‘க்வில்ட்’ என்றால் சாவு, அழிவு, ஆனால் அதே சொல் ஓர் அரிய கூட்டுச்சொல்லில் சாயங்காலத்தையும் குறிக்கிறது. ஜெர்மனில் வேதனைக்கு ‘க்வால்’, ஆங்கிலத்தில் கலகத்தை அடக்குவதற்கு ‘க்வெல்’, எல்லாம் ஒரே வேர். பகல் சாகும் நேரம் என்பதால் க்வெல்ட். தெற்கே இது அநேகமாகச் செத்தேபோனது. சுவிட்சர்லாந்து மலைக் கிராமங்களில் மட்டும் ‘கில்ட்காங்’ என்ற வழக்கத்தின் பெயரில் ஒளிந்திருந்தது: இளைஞன் இருட்டியபின் தனக்குப் பிடித்த பெண்ணின் ஜன்னலடிக்குப் போவது. சாவின் வேரிலிருந்து வந்த சொல் போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள்.

ஒரு சொல்லில் சாயங்காலத்தோடு பகல் செத்துவிடுகிறது. இன்னொன்றில் அதே சாயங்காலத்தோடு மறுநாளின் திருநாள் பிறக்கிறது. இரண்டையும் ஒரே வாயில் வைத்துக்கொண்டு இந்த ஊர்க்காரர்கள் தவளை ஆட்டம் ஆடுகிறார்கள். சூரியன் மறையும்போது மணி பத்தைத் தாண்டியிருந்தது.

திங்கள், ஆஸ்லோ

நார்வேயில் பேச்சில் க்வெல்தான் ராஜா. எழுத்தில் ‘க்வெல்ட்’, கடைசி ‘ட’ ஒலிப்பதில்லை. அஃப்டன் என்பது ஆஸ்லோவின் மேட்டுக்குடிப் பேச்சில், கொஞ்சம் பழைய தோரணையோடு வரும். 1860இல் தொடங்கிய ‘அஃப்டன்போஸ்டன்’ நாளிதழின் பெயரே சாயங்காலத் தபால் என்பது. அதன் சாயங்காலப் பதிப்பை 2012 இறுதியில் நிறுத்திவிட்டார்கள். இப்போது அது காலையில் மட்டும் வருகிறது.

சாப்பாட்டு நேரங்களும் இப்படித்தான். ‘மித்தாக்’ என்றால் நடுப்பகல். அதைச் சாப்பிடுவது மாலை நான்கு, ஐந்து மணிக்கு. அப்புறம் எட்டு மணிக்கு ரொட்டியும் சீஸும் ‘க்வெல்ஸ்மாத்’. இந்த நாட்டில் பெயரைப் பார்த்து மணி சொல்லக் கூடாது.

இன்று ஜூன் 23, யோவானின் அஃப்டன். பண்டிகைப் பெயர் என்றதும் இங்கேயும் அஃப்டன் வந்துவிடுகிறது. கடலோரத்தில் நெருப்பு மூட்டி, சாஸேஜ் சுட்டுக்கொண்டிருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது, நெருப்பைவிடப் புகைதான் அதிகம்.

புதன், போர்கார்னஸ், ஐஸ்லாந்து

ரெய்க்யவிக்கிலிருந்து பஸ், கடலடிச் சுரங்கம் வழியாகச் சுமார் 75 கிலோமீட்டர். சின்ன ஊர். இங்கே ஒரு தெருவுக்கு க்வெல்டுல்ஃப் பெயர். ஐஸ்லாந்தின் பழைய உரைநடைக் கதைகளான சாகாக்களில் வரும் எகில் என்ற கவிஞனின் தாத்தா அவர். பெயரின் பொருள் சாயங்கால ஓநாய். பகலெல்லாம் நல்ல பண்ணையார், யோசனை கேட்டால் அருமையாகச் சொல்வார். பொழுது சாய்ந்ததும் யாரோடும் பேச முடியாது, சிடுசிடுப்பும் தூக்கமும். உருமாறுகிறவர் என்று ஊரில் பேச்சு. நார்வே அரசனோடு பகைத்துக்கொண்டு கப்பலேறி, வழியிலேயே இறந்தார். சவப்பெட்டியைக் கடலில் விடுங்கள், அது எங்கே ஒதுங்குகிறதோ அதற்குப் பக்கத்தில் குடியேறுங்கள் என்று சொல்லிவிட்டுச் செத்தாராம். பெட்டி இந்த வளைகுடாவில் ஒதுங்கியது. மகன் ஸ்கல்லக்ரிம் இங்கே நிலம் பிடித்தார். அவருடைய சமாதி மேடு என்று சொல்லப்படுவது ஊர்ப் பூங்காவில் இருக்கிறது.

நான் தங்கிய வீட்டுப் பெரியவர் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். தினசரிப் பேச்சில் ‘க்வெல்ட்’ ஒன்றுதான், உச்சரிப்பு மட்டும் கொஞ்சம் உதடு குவிந்து வருகிறது. குளிர்காலத்தில் பண்ணை வீடுகளில் ‘க்வெல்ட்வாக்கா’ என்று ஒன்று இருந்தது. இருட்டியதும் எல்லோரும் ஒரு குட்டித் தூக்கம் போடுவார்கள், எண்ணெய் மிச்சமாக. அப்புறம் எழுந்து விளக்கேற்றி, ஒருவர் சாகா படிக்க, மற்றவர்கள் கம்பளி நூற்பதும் பின்னுவதுமாக வேலை நடக்கும். நூற்றாண்டுகளாக எழுத்துப் படிப்பு இந்த நாட்டில் அழியாமல் இருந்ததற்கு இந்தச் சாயங்காலங்களுக்கும் பங்குண்டு.

“அப்படியென்றால் அஃப்டன் இங்கே இல்லையா?” என்று கேட்டேன். ஒன்றிரண்டு இடத்தில் இருக்கிறது என்றார். கடிகாரம் வருவதற்கு முன் பண்ணையைச் சுற்றியுள்ள மலைமுகடுகளை அடையாளம் வைத்து, சூரியன் எந்த முகட்டுக்கு மேல் வருகிறதோ அதைக் கொண்டு நேரம் சொல்வார்கள். அதில் மாலை ஆறு மணிக்குப் பெயர் ‘மித்அஃப்டன்’. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளின் மாலைக்கும் க்வெல்ட் என்றே பெயர், ஆனால் அன்று மாலை வழிபாடு ‘அஃப்டன்சோங்குர்’. ரெய்க்யவிக் கதீட்ரலிலிருந்து அதை ரேடியோவில் நேரடியாக ஒலிபரப்புகிறார்கள், சரியாக மாலை ஆறு மணிக்கு.

ஆறு மணிக்கு முன்னால் கிறிஸ்துமஸ் இல்லை என்பதில் இங்கே கண்டிப்பு. அதுவரை கடைசி நேரத் துடைப்பு, குளியல், சமையல். பிள்ளைகள் மணியையும் பரிசுப் பொட்டலங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு இருப்பார்களாம். ரேடியோவில் தேவாலய மணி கேட்டதும் எல்லோரும் எழுந்து ‘கிளேதிலெக் யோல்’ என்று கட்டிப்பிடித்துவிட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் போவார்கள். “எங்கள் அம்மா மணி அடிக்கும் வரைக்கும் அடுப்படியை விட்டு நகர மாட்டார், அடித்த பிறகு அடுப்படிப் பக்கம் போகவே மாட்டார்” என்றார் பெரியவர்.